எட்டு இல்லாத எண்

ராகித் தூசு கழுத்தில் பட்டால் வரும் அரிப்பு, எத்தனை சொம்புத் தண்ணீர் ஊற்றினாலும் லேசில் அடங்காது. ஐம்பதுகளில் ஒரு தை மாதம், சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் களத்தில், அந்த அரிப்போடுதான் நானும் லச்சுமக்காவும் சிந்திய ராகியை அள்ளிக்கொண்டிருந்தோம். மழை ஏமாற்றிய வருஷம், குவியல் சின்னது.

அளக்கும்போது அப்பா ஒன்று என்று தொடங்கமாட்டார், "லாபம்" என்பார். ஆறு ஆனதும் "ஆறும் ஒண்ணும்" என்று சொல்லி எட்டுக்குப் போய்விடுவார். தெலுங்கு பேசும் பக்கத்து நிலத்துக்காரர்களிடமிருந்து தொற்றிய வழக்கம்; அவர்கள் பேச்சில் ஏழுக்கும் 'ஏடு'தான், அழு என்பதற்கும் 'ஏடு'தான். "குவியல் முன்னால ஏழுன்னு சொன்னா மகாலச்சுமி அழுதுக்கினே போயிடுவா" என்று எங்களை முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தார்.

கிருஷ்ணகிரியில் கணக்கு வாத்தியாராக இருந்த மாமா அன்று வந்திருந்தார், எங்களில் ஒருத்தியைத் தம் வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதாக. இருவரையும் வைத்துக்கொள்ள அவருக்கு வசதியில்லை. களத்து மண்ணில் குச்சியால் 12345679 என்று எழுதினார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாக, எட்டை மட்டும் விட்ட எண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டுக்கொட்டாய்ச் சுவரில் அக்கா கரித்துண்டால் போட்டுப் போட்டுப் பார்த்த எண்தான் அது. ஒன்பதால் பெருக்கினால் விடை முழுக்க ஒன்று, பதினெட்டால் பெருக்கினால் முழுக்க இரண்டு என்று கண்டுபிடித்துக் குதித்தவள் அவள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவள் நான்.

"அறுவத்து மூணால பெருக்கினா என்ன வரும்? சொல்றவ எங்கூட வரட்டும்" என்றார் மாமா.

அக்கா வாயைத் திறந்தாள். குவியலைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவள் ஏன் மூடினாள் என்பது எனக்கு அந்த நொடியே தெரியும்.

"எல்லாமே ஏழு, மாமா!"

ராகி அளக்கும் வள்ளத்தோடு அப்பாவின் கை அப்படியே நின்றது. மாமா மட்டும் என்னைத் தூக்கிச் சுற்றினார்.

நான் படித்தேன், நானும் கணக்கு டீச்சரானேன். அக்காவை அடுத்த வருஷமே வேப்பனப்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் வாய் பிளக்கும்போதெல்லாம் திருட்டுப் பொருளைக் கடைபரப்பியதுபோல் எனக்குக் கூசும்.

இன்று அந்தக் களத்தின்மேல் ஒரு கம்பெனியின் கொட்டகை நிற்கிறது. ராகி மூட்டையாகத் தராசில் ஏறுகிறது. அளந்து சொல்லும் குரல் எங்கும் இல்லை. போன மாதம்தான் எனக்குத் துணிச்சல் வந்து, "அன்னிக்கு உனக்கும் தெரியும்தானே, அக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன பாப்பா? நீ கத்தினதும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. இருக்கிறதே கொஞ்சூண்டு ராகி, அதுவும் போயிட்டா பங்குனிக்கு என்னத்தத் தின்றதுன்னு. பள்ளிக்கூட நெனப்பே அப்ப வரல. நீ வண்டியேறிப் போனப்புறந்தான் அழுதேன்" என்றாள்.