பதில் வணக்கம்

பயறு முளைகளின் வாலைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள் யின்ஃபோங். நூடுல்ஸ் கடையில் கிள்ளிக் கிள்ளிப் பழகிய கை. வீட்டுக்கென்றாலும் அதே வேகம்தான்.

“வர்றியா இல்லையாம்மா? முப்பதாவது வருஷம்னு அந்தப் படத்தைத் திரும்பப் போடறாங்க. ஹாங்காங்கே டிக்கெட்டுக்கு அடிச்சுக்குது. அப்பா நடிச்சதை நான் இன்னும் பாத்ததே இல்ல” என்றாள் மகள் சியூமான்.

“எங்க நடிச்சாரு? செத்தவரா மாட்டி வச்சிருந்தாங்க.”

“அதையாவது காட்டேன். தனியாப் போக என்னவோ மாதிரி இருக்கு.”

யின்ஃபோங் சொன்னது பொய்யில்லை. படங்களில் அடிவாங்கிப் பிழைத்தவர் அவள் புருஷன் கியூங். அந்தக் கும்பல் படத்தில் மட்டும் கொலையான தலைவர். தலைவர் என்றாலும் வந்ததென்னவோ இறுதி மரியாதை நடக்கும் சவக்கூடக் காட்சியில் பூக்களுக்கு நடுவே ஒரு போட்டோதான். உயிரோடிருப்பவரைச் செத்தவராகக் காட்டினால் தோஷம் கழிய சிவப்பு உறையில் காசு தருவார்கள். வேலை முடிந்ததும் போட்டோவை எரித்துவிட வேண்டும். கியூங் உறையை வாங்கிக்கொண்டார். போட்டோவை எரிக்க யின்ஃபோங் விடவில்லை. கோட்டும் டையுமாய் அத்தனை லட்சணமாக அவர் வேறெதிலும் இல்லை. அலமாரித் துணிகளுக்கடியில் வைத்தாள். மறு வருஷம் படப்பிடிப்பில் சாரம் சரிந்து அவர் போனபோது சவக்கூடத்தில் வைத்ததும் அதுதான். இன்றைக்கும் வீட்டுப் பூஜையில் இருப்பதும் அதுதான். தான்தான் வாரிக்கொடுத்தோமோ என்பதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. வீட்டில் அந்தப் படத்தைப் போடவும் விட்டதில்லை.

இருந்தும் போனாள்.

அந்தக் காட்சி வந்தது. திரையில் கறுப்புக் கோட்டு ரௌடிகள் கியூங்கின் போட்டோ முன்னால் வரிசையாக நின்றார்கள். “முதல் வணக்கம்” என்று ஒரு குரல். கொட்டகையில் சிரிப்புக் கிளம்பியது. கல்லூரிப் பிள்ளைகள் திமுதிமுவென்று எழுந்து ரௌடிகளோடு சேர்ந்து குனிந்தார்கள். ரசிகர்களின் வழக்கமாம். மூன்று முறை கொட்டகையே கியூங்குக்குக் குனிந்தது. நிஜச் சாவுக்கு வந்தவர்கள் சடங்குச் சாப்பாட்டில் ஒரு மேஜைக்குக்கூடத் தேறவில்லை.

“குடும்பத்தார் பதில் வணக்கம்” என்றது குரல்.

யின்ஃபோங் எழுந்தாள். கைகளை ஒடுக்கிக்கொண்டு, வலப்புறம் ஒரு முறை, இடப்புறம் ஒரு முறை, பின்னால் திரும்பி ஒரு முறை குனிந்தாள்.

“ஆன்ட்டி, எங்களையே மிஞ்சிட்டீங்க” என்றான் பின்வரிசைப் பையன்.

“உட்காரும்மா” என்று அவள் சட்டை நுனியை இழுத்த சியூமான், திரையைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினாள். “இது நம்ம வீட்டுப் போட்டோ.”

“ஆமா. எரிக்கச் சொன்னாங்க. நான்தான் விடல. அதனாலதான் உங்கப்பா போயிட்டாரா, மானு?”

சியூமான் கண்ணெடுக்கவில்லை. திரையில் ஊதுபத்திப் புகை அவள் அப்பாவின் முகத்தை மூடி விலகியது.

யின்ஃபோங் மகள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, முழங்கால்களை ஒதுக்கச் சொல்லிச் சொல்லி, வரிசையைத் தாண்டி வெளியே போனாள்.