மூன்றாம் முடிச்சில் நின்ற கம்ப்யூட்டர்

சோபியாவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அவளுடைய குறும்புதான். கடலூரில் டிப்ளமோ படித்தபோது, ஆய்வக ஆசிரியரின் மவுசில் இடது பொத்தானை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றி வைத்தாள். மனிதர் ஒரு வாரம் தன் விரல்களையே சந்தேகப்பட்டார். பிடிபட்டதும், நாற்பது கம்ப்யூட்டரையும் திறந்து தூசு தட்டச் சொன்னார்கள். நாற்பதாவதை மூடியபோது அவளுக்கு வேறெந்த வேலையும் பிடிக்காமல் போயிருந்தது. சுரங்கத்தில் இருபத்தேழு வருடமும் கான்ட்ராக்டாகவே ஓட்டிய அப்பா சந்தியாகு, மகளாவது பர்மனென்ட் ஆகட்டும் என்று ஆசைப்பட்டார். அவளோ நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு சர்வீஸ் கடையைப் போட்டுக்கொண்டு அதில் பர்மனென்டாக உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கடைக்குப் போன வருடம் குஞ்சிதபாதம் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுரங்கத்தின் கன்வேயர் பகுதியில் ஷிப்ட் இன்சார்ஜ். மகள் கல்யாண வீடியோவைத் தானே எடிட் செய்துகொண்டிருந்தார். வேகம் போதவில்லை என்று, இருந்த இரண்டு ரேம் நினைவகப் பட்டைகளோடு ஆன்லைனில் இன்னும் இரண்டு வாங்கிச் செருகியிருந்தார்.

"மாப்பிள ரெண்டு முடிச்சு போட்டுட்றாரும்மா. மூணாவதுக்கு அவங்க அக்கா கைய நீட்டுது. அங்கயே நின்னு, ஸ்கிரீன் நீலமாயிடுது."

"அப்ப கல்யாணம் இன்னும் முடியலன்னு சொல்லுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை.

சோபியா ரேம்களைச் சோதித்தாள். பழைய ஜோடி தனியாக ஓடியது. புது ஜோடியும் தனியாக ஓடியது. நான்கையும் சேர்த்தால் பிழை மேல் பிழை. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வேகம். ஆனால் உள்ளே இருந்த சில்லுகள் வேறு வேறு. அதோடு, நான்கு ரேமையும் முழு வேகத்தில் ஓட்டுகிற தெம்பு அந்த மதர்போர்டுக்கு இல்லை.

"ஸ்பீடைக் கொஞ்சம் கொறச்சா நாலும் ஒத்துப்போகும் சார்."

"அட்டையில ஸ்பீடு மூவாயிரத்து அறநூறுன்னு போட்டிருக்கான். புதுசு வாங்கிகினு வந்து நான் மாட்டு வண்டி ஓட்டணுமா?"

சோபியாவுக்கு மூக்கு நுனி அரித்தது. குறும்பு வரும்போதெல்லாம் அப்படித்தான்.

"சரிங்க சார். நாலு நாள் ஒரு செட்டிங், நாலு நாள் இன்னொண்ணு. ஒண்ணு முழு ஸ்பீடு, ஒண்ணு கொறச்சது. எது எதுன்னு எழுதிக் கவர்ல போட்டு ஒட்டி உங்க கையிலயே குடுத்துட்றேன். எது நல்லாருக்குன்னு நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் பிரிக்கக் கூடாது."

குஞ்சிதபாதம் வாக்குக் கொடுத்தார். வீடியோவுக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்த பிறகே அவள் பெட்டியைக் கொடுத்தாள். நாலு நாள் கழித்து அவர் குவார்ட்டர்ஸுக்கே போய், முன்பே கடையில் ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்திருந்த இரண்டாவது செட்டிங்கை வைத்தாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவர் தன் நண்பர் சாமிக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மொதல்ல வச்சது நீ கொறச்ச ஸ்பீடு. தெனம் மூணு வாட்டி படுத்துக்கிச்சு. ரெண்டாவது இருக்கே, ராக்கெட்டு! மூணு முடிச்சும் விழுந்து, பந்தி வரைக்கும் போயிட்டேன். முழு ஸ்பீடுன்னா அதான்!"

"கவரைப் பிரிங்க சார்."

பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார். சாமிக்கண்ணு எட்டிப் பார்த்து உரக்க வாசித்தார்: "முதலாவது முழு வேகம். இரண்டாவது குறைத்தது."

சோபியா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

குஞ்சிதபாதம் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அதத்தான் நானும் சொல்லிகினு இருக்கேன். நிதானம் வேணும்பா," என்றார் சாமிக்கண்ணுவிடம்.

அத்தோடு விட்டிருக்கலாம். குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க அவர் நிதானத்தைப் போதித்துவிட்டார். ஒரே மாதத்தில் ஐந்து பேர் நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். நான்கு பேரைப் பேசித் திருப்பி அனுப்பினாள். சாமிக்கண்ணு மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

சோபியா அவர் பெட்டியைத் திறந்தாள். தூசு தட்டினாள். மூடி, ஆன் செய்தாள். வேறெதையும் தொடவில்லை.

சாமிக்கண்ணு திரையைக் கூர்ந்து பார்த்தார். "ம்ம்... இப்பதாம்மா நிதானத்துக்கு வந்திருக்கு."

"தூசு தட்டினாலே வந்துடும் சார்," என்றாள் சோபியா, மூக்கைச் சொறிந்தபடி.