தொட்டிலில் கிடந்த பீங்கான்

என் மருமகள் கம்ப்யூட்டரில் படங்களை அசைய வைக்கிற வேலை பார்க்கிறாள். கம்பெனி சென்னையில் இருக்கிறது. அவள் விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே வேலையை முடித்து அனுப்பிவிடுவாள். நான் வாசற்படி ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே திரையைப் பார்ப்பேன். இது என்ன, அது என்ன என்று கேட்க ஆசையாக இருக்கும். ஐந்தாவதோடு நின்றவள் இதில் போய் என்ன கேட்பது என்று கூச்சமாகவும் இருக்கும். ஆனால் அவளுக்கு வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கப் பிடிக்காது. நான் கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரு பொருள் ஒரே வேகத்தில் போய் டக்கென்று நின்றால் செத்த மாதிரி தெரியுமாம். மெதுவாகக் கிளம்ப வேண்டும். நடுவில் விரைய வேண்டும். நிற்க வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். அப்புறம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி அடங்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவர்கள் மனசு அதை உயிருள்ளதாக ஏற்றுக்கொள்ளுமாம்.

அன்றைக்கு ஒரு குழந்தைத் துணிக் கடைக்கான விளம்பரம். மேலே ஒரு ஸ்பிரிங், அதில் ஒரு துணித் தொட்டில். குழந்தையின் படம் இன்னும் வந்து சேரவில்லை என்று வெறும் தொட்டிலை மட்டும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் தவறிவிட்டது.

“சும்மா தொட்டில ஆட்டாதம்மா.”

“அத்தே, இது கம்ப்யூட்டர் தொட்டிலு. இத ஆட்டுனா எந்தப் புள்ளைக்கு வயித்த வலிக்கப் போவுது?” என்று சிரித்தாள். சிரித்தாலும் என் மனசுக்காக எங்கிருந்தோ ஒரு பூசணிக்காய்ப் படத்தை எடுத்து உள்ளே வைத்தாள். “தோ, ஆளு ஏத்தியாச்சு. இப்ப சரியா?”

நானும் சிரித்தேன். அவள் திரையின் ஓரத்தில் இருந்த மூன்று கோடுகளைக் காட்டினாள். ஒன்று ஸ்பிரிங்கின் விறைப்பு. ஒன்று அது எவ்வளவு சீக்கிரம் அடங்க வேண்டும் என்பது. இன்னொன்று தொங்குகிற பொருளின் எடை. எடைக் கோட்டை அவள் குறைத்தாள். தொட்டில் சரசரவென்று மேலே ஏறிப் படபடத்தது.

“பாருங்க அத்தே. எட கொறஞ்சா ஒரு அமைதி இருக்காது. அடிச்சிக்கும்.”

என் கை கீரையிலேயே நின்றுவிட்டது. அந்தப் படபடப்பை நான் முன்னால் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கலாம். தம்பி பிறந்திருந்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரில் புதிதாக வந்திருந்த பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். களிமண்ணை விட்டு வேறு எதைப் பற்றியும் பேசமாட்டார். அக்காவுக்கு ஆண்பிள்ளை பிறந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லார் வீட்டிலும் கயிற்றில்தானே தூளி தொங்குகிறது, நம் வீட்டில் ஸ்பிரிங்கில் தொங்கட்டும் என்று, பழைய இரும்புக் கடையில் தேடி ஒரு கனத்த ஸ்பிரிங்கை வாங்கி வந்து உத்திரத்தில் மாட்டினார். தம்பியைப் போட்டால் அது அசையவே இல்லை. பலமாக இழுத்து விட்டால் குழந்தையைத் தூக்கிப் போட்டது. தம்பி வீரிட்டான்.

“புள்ளயத் தூங்க வைக்கச் சொன்னா பந்து அடிக்கிறான் பாரு” என்று அம்மா வைதாள்.

மாமா அசரவில்லை. அதே மாதிரி இன்னொரு ஸ்பிரிங்கை வாங்கி வந்து முதலாவதன் அடியில் கோத்தார். இரண்டும் சேர்ந்ததும் விறைப்பு போய் இளகிவிட்டது. ஆனால் ஒருமுறை இழுத்துவிட்டால் நெடுநேரம் நிற்காமல் ஆடியது. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து, கயிறாக முறுக்கி, ஸ்பிரிங்கின் வயிற்றுக்குள் நெருக்கமாக விட்டார். அறுந்தாலும் தாங்கும், ஆட்டத்தையும் அடக்கும் என்றார். அதன் பிறகு அந்தத் தொட்டில் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வது. இறங்கும், ஏறும், இன்னும் கொஞ்சம் இறங்கும், மூச்சு விடுவது போல அடங்கும். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள்.

ஒரே ஒரு குறை. குழந்தையைத் தூக்கியதும் தொட்டில் விசுக்கென்று மேலே போய் வெறுமனே ஆடும். வெறும் தொட்டில் ஆடினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று அம்மா பதறினாள். அதற்கும் மாமா வழி கண்டுபிடித்தார். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பெரிய பீங்கான்களை அந்தக் கம்பெனியில் செய்துகொண்டிருந்தார்கள். சூளையில் விரிசல் விட்டு ஒதுக்கப்பட்டவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். ஒரு கையில் தம்பியையும் மறு கையில் பீங்கானையும் ஏந்தி, இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தார்.

“சரியா இருக்குதுக்கா. ரெண்டும் ஒரே எட. மாப்ள எறங்குனா இவன் ஏறிக்குவான்.”

அந்தக் கல்லை வைப்பது என் வேலையாயிற்று. நாங்கள் அதைக் கல் என்றுதான் சொல்வோம். அம்மா தம்பியைத் தூக்கும்போது நான் இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்து தொட்டிலில் வைப்பேன். தொட்டிலுக்கு ஆள் மாறியதே தெரியாது. அதே உயரத்தில் நிற்கும். இதில் எனக்கு அவ்வளவு பெருமை. பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் கல்லை யார் வைப்பார்கள் என்ற கவலையில், போகமாட்டேன் என்று அழுதிருக்கிறேன்.

அந்தக் கோடையில் தம்பிக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. இரண்டு நாள் நிற்கும், மறுபடி வரும். பல் முளைக்கிற நேரம், இளைக்கத்தான் செய்யும் என்றார் அப்பா. வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நாளெல்லாம் இடுப்பில் வைத்திருக்கிற அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது கைக்கு எப்படித் தெரியும்?

தொட்டிலுக்குத் தெரிந்தது. தம்பி கிடக்கும்போது அது மேலே நின்று படபடவென்று குலுங்கியது. நான் கல்லை வைத்ததும் கீழே இறங்கி, பழையபடி நிதானமாக ஆடியது. எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் மத்தியானம், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா தம்பியைக் கழுவத் தூக்கினாள். நான் கல்லை வைத்தேன். தொட்டில் வெகுவாக இறங்கிவிட்டது.

“யம்மா, கல்லு வளருதும்மா!” என்று கத்தினேன்.

அப்பாவுக்குச் சோறு புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. “நம்மூர்ல மலதான சாமி. கல்லு வளராம என்னா பண்ணும்? பெரிசானதும் கோயிலு கட்டிடலாம்.”

நானும் சிரித்தேன். பழமலை என்று கும்பிடுகிற ஊரில் பிறந்தவளுக்குக் கல் வளர்வது பெரிய அதிசயமாகப் படவில்லை.

அம்மா சிரிக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். தொட்டிலருகே வந்தாள். மாமா செய்தது போலவே ஒரு கையில் தம்பியை ஏந்தி, மறு கையால் கல்லை எடுத்தாள். அப்படியே நின்றாள். கல் இருந்த கை தாழ்ந்துகொண்டே போனது.

“எழுந்திரிங்க” என்றாள்.

“சாப்புட்டுட்டு...”

“கைய கழுவுங்கன்றன்.”

அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கிளம்பும்போது கல்லை அவளே தொட்டிலுக்குள் வைத்தாள். என்னிடம் திரும்பி, “பாப்பா, சும்மா ஆடாம பாத்துக்க” என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இங்கே முடியாது, கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். மாமா வந்து எனக்குத் துணைக்கு இருந்தார். அன்றும் மறுநாளும் நான் தொட்டிலை விட்டு நகரவில்லை. காற்றில் லேசாக அசைந்தாலும் பிடித்து நிறுத்துவேன். கல் உள்ளே இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ‘போதும் வா குட்டி, சாப்புடு’ என்று மாமா கெஞ்சினார். தட்டைத் தொட்டிலடிக்கே கொண்டுவரச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் சத்தம் கேட்டது. மாமா எழுந்து ஓடினார். அப்பா உள்ளே வரவில்லை. அப்பா, மாமா, தெருவில் உள்ள ஆண்கள் எல்லாரும் ஆற்றுப் பக்கமாகப் போனார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா மட்டும் உள்ளே வந்தாள். பின்னாலேயே நாலைந்து பெண்கள். அம்மாவின் இடுப்பு காலியாக இருந்தது. தம்பியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள் போல என்று நினைத்தேன்.

“நான் ஆடாம பாத்துக்கிட்டேம்மா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. நேரே போய்க் கல்லை வெளியே எடுத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டில் விசுக்கென்று மேலே ஏறியது. ஏறிய வேகத்தில் குலுங்கியது. நான் பதறிக்கொண்டு ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வுடு பாப்பா. ஆடட்டும்.”

பிடித்த பிடியை அவள் தளர்த்தவில்லை. அத்தனை நாளும் ஆடக்கூடாது என்று என்னைக் காவல் வைத்த அம்மா, வெறும் தொட்டில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறியது, இறங்கியது. சேலைத் துணி உள்ளேயிருந்து இழுத்துப் பிடிக்க, ஆட்டம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, மாமா செய்து வைத்தபடியே அழகாக அடங்கி நின்றது.

நான் ஓவென்று அழுதேன். ஐயோ, அக்காக்காரிக்கு எப்படித் தாங்கும் என்று சொல்லிச் சொல்லிப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு எதற்காக அழுகை என்று எனக்குப் புரியவில்லை. கடலூரில் தம்பிக்கு இப்போது வயிறு வலிக்குமே, பக்கத்தில் அம்மாகூட இல்லையே என்றுதான் நான் அழுதுகொண்டிருந்தேன்.