அடுத்த வருடத்துக் காலண்டரும் என் இரண்டாம் தேர்வும்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு நடப்பு வருடம் என்பது பழைய சரக்கு. ஆடிப் பதினெட்டுக்கே அடுத்த வருடத்துச் சாம்பிள் வந்துவிடும். அப்பா அன்றைக்கே பூஜை போட்டு அதை வீட்டிலும் அச்சகத்திலும் சுவரில் மாட்டுவார். ஓடிக்கொண்டிருக்கிற வருடம் பரணுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிய பேப்பரைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வை நான் இரண்டாம் முறை எழுதியது அப்படியொரு டிசம்பரில். முதல் முறை ஒரே ஒரு கணக்கோடு மல்லுக்கட்டித் தோற்றேன். கம்ப்யூட்டரில் எழுதுகிற தேர்வு. பதில் அழுத்தாமல் அடுத்த கேள்வி வராது. தெரியாவிட்டால் குத்துமதிப்பாக ஒன்றை அழுத்திவிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டேன். என்னிடமேவா என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன், நேரம் போய்விட்டது. வந்த மார்க்குக்கு வேறு கல்லூரிகள் கிடைத்திருக்கும். எனக்கு வேண்டியது ஒரே கல்லூரி.

"இருக்கிற மார்க்க வச்சு எங்கனயாவது சேர வேண்டியதுதான? மறுபடி எழுதிக் குறைஞ்சிருச்சுன்னா?" என்றார் அப்பா.

"குறையாது."

"அம்புட்டு உறுதியா?"

"அம்புட்டு உறுதி."

விண்ணப்பம் ஜனவரி முதல் வாரத்தோடு முடிகிறது. அதற்கு முன் சென்னையில் தேர்வெழுத எனக்கு இடம் கிடைத்தது பதினைந்தாம் தேதி மதியம் மட்டும்தான். அதை விட்டால் ஒரு வருடம் போச்சு. அப்பா சுவரில் டிசம்பர் தாளைத் திருப்பி, "பதினஞ்சு வியாழக்கெழமை. புதன்கெழமை ராத்திரி பஸ்ஸுக்குச் சொல்லிருதேன்" என்றார். நான் கணக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் சென்னைக்குக் காலண்டர் லோடு ஏறிக்கொண்டிருந்தது. லாரி டிரைவர் உள்ளே வந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்குப் பதினஞ்சு. காலையில லோடு எறங்கலைன்னா பார்ட்டி கத்துவாக. சீக்கிரம் ஏத்தச் சொல்லுங்க."

"நாளைக்கா பதினஞ்சு?" நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

அப்பா அன்றைய பேப்பரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "ஆத்தாடி" என்றார். அவர் பார்த்துச் சொன்னது அடுத்த வருடத்து டிசம்பர். இந்த வருடம் பதினைந்து, புதன்கிழமை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "ஊருக்கெல்லாம் கெழம அச்சடிச்சுக் குடுக்கீக, பெத்த மகளுக்கு மட்டும் அடுத்த வருசத்துக் கெழமையா?" என்று ஆட்கள் முன்னாலேயே கத்தினேன். அவர் ஒவ்வொரு பஸ் ஆபீசாகப் போன் போட்டார். சபரிமலை சீசன், ஒரு சீட்டும் இல்லை. போனை வைத்துவிட்டு செருப்பை மாட்டினார்.

"பையை எடும்மா. லோடு லாரியிலயே போயிருவோம். நானும் வாரேன்."

ஜன்னலோரம் நான், நடுவில் அப்பா. விருதுநகர் வரை முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தேன். மதுரை தாண்டியதும் அவர் தோளிலேயே தூங்கிவிட்டேன்.

தேர்வில் பாதி வழியில் அதே மாதிரி ஒரு கணக்கு வந்து மறித்தது. போடா என்று ஒன்றை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன். லாரியில் வந்து சேர்ந்தவளுக்கு வீம்பு பிடிக்க ஏது நேரம்? முடித்ததும் திரையிலேயே மார்க் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். பக்கத்தில் ஆள் இருந்ததால் குதிக்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியே அப்பா நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவே பயந்தார்.

"என்னம்மா?"

"சொன்னேன்லப்பா, குறையாதுன்னு."

அவர் நடைபாதையிலேயே உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆசைப்பட்ட கல்லூரியிலேயே சேர்ந்தேன். மறு ஆடி முடிகிற சமயம் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, டிக்கெட் எடுக்க வேண்டும், தீபாவளி என்ன கிழமை என்று கேட்டேன்.

"இரு, பாத்துச் சொல்லுதேன்." தாள் புரளும் சத்தம் கேட்டது. "செவ்வாய்க்கெழமை."

"எந்த வருசத்துச் செவ்வாய்ப்பா?" என்று சீண்டினேன்.

"இந்த வருசந்தான். புதுசுக்குப் பூசை போட்டு பீரோவுல வச்சிருக்கேன், மாட்டலை. நீ வார நாளு தப்பிரக் கூடாதுல்லம்மா."