காவல் மீனும் ஓட்லைவும்

படகுத்துறைப் பலகையில் குப்புறப் படுத்து, அடியில் கண்ணாடி வைத்த வாளியைத் தண்ணீரில் அமிழ்த்தி, அதற்குள் முகத்தைப் புதைத்திருப்பார் ஓட்லைவ். ஜூன் மாதம் முழுக்க அவர் காப்பி ஆறிப்போவது இப்படித்தான். மனைவி சோல்ஃப்ரிட் சன்னலைத் திறந்து, "அந்த மீனையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீ!" என்பாள். "அது இவ்வளவு பேசாது" என்று வாளிக்குள்ளிருந்து பதில் வரும்.

மீன் உள்ளங்கையைவிடச் சற்றே நீளம். பச்சை உடம்பு, கன்னத்தில் நீலக் கோடுகள். பாறை இடுக்கில் பாசியைத் திணித்துக் கூடு கட்டுவது ஆண்மீன்தான். பெண்மீன் முட்டையிட்டுப் போய்விடும். தகப்பன் காவல் நின்று, முட்டைகளுக்கு மூச்சுக் கிடைக்கச் செட்டையால் தண்ணீரை விசிறிக்கொண்டிருக்கும்.

பதினான்கு வருடம் இந்த மீன்களை உயிரோடு பிடித்து சால்மன் பண்ணைகளுக்குக் கொடுத்தவர் ஓட்லைவ். சால்மன் மேல் ஒட்டும் பேனை இவை தின்னும். சில மாதங்களில் அங்கேயே செத்தும் போகும். "பெருசா இருக்கறதெல்லாம் அப்பன்காரனுங்கன்னு தெரிஞ்சேதான் பிடிச்சேன்" என்று ஒருமுறை, பக்கத்து வீட்டிலிருக்கும் என்னிடம் சொன்னார். இந்த வருடம் எங்கள் குடாவில் கூடு கட்டியது ஒன்றே ஒன்று, அவருடைய துறைக்கடியில்.

போன வாரம் முட்டை திருடும் பொடி மீன்கள் அங்கே மொய்த்தன. மனிதருக்குப் பொறுக்கவில்லை. திருடர்களைப் பிடித்து அக்கரையில் விட்டுவிடலாமென்று, பழைய மீன்பொறியில் நண்டை இரையாக வைத்துக் கூட்டருகே இறக்கினார். பொடி மீன்கள் தப்பிப்போகப் பொறியில் இடுக்கு விடவேண்டும் என்பது இங்கே சட்டம். பதினான்கு வருடக் கைப்பழக்கம். அதை அடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை தூக்கினால் உள்ளே தகப்பன் மட்டும். எதையோ துரத்திக்கொண்டே நுழைந்திருக்கவேண்டும். திருடர்கள் இடுக்கு வழியாக வெளியேறி, காவலில்லாத கூட்டைத் துடைத்துவிட்டிருந்தன.

"கடைசிக் கூட்டையும் நானே..." என்றார் ஓட்லைவ்.

"அப்புறமா அழுதுக்கலாம். முதல்ல அதைத் தண்ணியில விடு" என்றாள் சோல்ஃப்ரிட். அவள் குரலும் உடைந்திருந்தது. எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

விட்டதும் மீன் நேரே கூட்டுக்குப் போனது. ஒன்றுமில்லாத வாசலில் நின்று செட்டையால் விசிறத் தொடங்கியது. கடல் வற்றியிருந்த நேரம், கையெட்டும் ஆழம்தான். ஒரு முட்டையாவது ஒட்டியிருக்காதா என்று ஓட்லைவ் பாசிக்குள் துழாவினார். மீன் பாய்ந்து வந்து அவர் விரலைக் கடித்தது. விலகிப் போய், திரும்ப வந்து கடித்தது. அவர் கையை எடுக்கவில்லை.