பாதாளத்தில் என் உத்தியோகம்

கேம் டெஸ்டர்னா நாள் பூரா விளையாடிட்டு சம்பளம் வாங்கறவங்கன்னு நினைக்கிற சொந்தக்காரங்க உங்களுக்கும் இருந்தா, அவங்களை ஒரே ஒரு வாரம் என் நாற்காலியில உக்கார வைங்க. அப்புறம் சீட்டுக்கட்டைக்கூட தொட மாட்டாங்க.

வேங்கிக்கால்ல ஒரு வீட்டு மாடியில எங்க ஆபீஸ். மொத்தமே ஆறு பேர். மாலதி மேடம் பெங்களூர்ல நல்ல வேலையில இருந்தவங்க. சொந்த ஊர்லயே இருந்து பொழைக்கணும்னு அதை உதறிட்டு வந்து ஆரம்பிச்ச இடம் இது. வெளிநாட்டுக் கம்பெனிங்க செய்யற வீடியோ கேம்ல எங்கெங்க ஓட்டை இருக்குன்னு விளையாடிப் பாத்து சொல்லணும், அதான் தொழில்.

அப்போ எங்ககிட்ட வந்தது ஒரு கிரேக்கப் புராண கேம். செத்தவங்களை ஆத்தைக் கடத்தி விடற ஓடக்காரனோட பொண்ணு, பாதாள லோகத்துலேர்ந்து சண்டை போட்டுக்கிட்டே பூமிக்கு ஏறி வரணும். வழியில செத்தா மறுபடி ஆத்தங்கரையிலேர்ந்து ஆரம்பிக்கணும். ஒவ்வொரு வாட்டியும் ரூமெல்லாம் வரிசை மாறி வரும், அவளுக்கு பலம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாகும். கேமை அனுப்பின கம்பெனியில எங்ககிட்ட பேசறவர் பீட்டர். இது குறையில்லாம வெளிய போச்சுன்னா அடுத்த கேமும் உங்களுக்குத்தான், இல்லேன்னா இதோட சரின்னு முதல் நாளே சொல்லிட்டார். கையில வேற வேலை கிடையாது. இது போச்சுன்னா ஆபீசுக்குப் பூட்டு, மேடத்துக்கு பெங்களூர் பஸ், எனக்கு மாமியார் பக்கத்துல முழுநேர உத்தியோகம். கம்ப்யூட்டர் முன்னாடி கண்ணைக் கெடுத்துக்கற என்னை மாதிரி ஜீவன்களுக்கு அந்த பயம் சொல்லாமலே புரியும்.

சாக மாட்டேன்னவன்

எங்கள்ல கெட்டிக்காரன் செந்தில். செங்கத்துலேர்ந்து தினம் பைக்ல வருவான். கறுப்புச் சட்டை, சாமி இல்லைங்கற கட்சி. விளையாட உக்காந்தான்னா விரல் ஓடறது கண்ணுக்குத் தெரியாது. முதல் வாரம் முழுக்க அவன் சாகவே இல்ல. ஒரே மூச்சுல பாதாளத்துலேர்ந்து பூமிக்கு வந்துட்டு எங்களைத் திரும்பி ஒரு பார்வை பாப்பான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் அப்பதான் முதல் ரூம்ல தேள் கொட்டி விழுந்து கிடப்பேன்.

இந்த கேம்ல செத்தா என்ன ஆகுதுன்னு பாக்கறதுதான் முக்கால்வாசி வேலை. பொண்ணு கரையில எழுந்திரிக்கணும், ஓடக்காரன் ஏதாவது பேசணும், சேர்த்து வெச்ச சாமானெல்லாம் அப்படியே இருக்கணும். செத்தாத்தானே தெரியும்? நான் எடுத்துச் சொன்னா, வேணும்னே தோக்கறது மானக்கேடுன்னு முறைக்கிறான். ஒரு நாள் மாலதி மேடம் டீ கிளாஸைக் கீழ வெச்சிட்டு அவன் பக்கத்துல வந்து நின்னாங்க.

"செந்தில், பொழைக்கறதுக்கு இதைக் காசு குடுத்து வாங்கறவன் இருக்கான். உனக்கு சம்பளம் சாவறதுக்குத்தான்."

கீழ் வீட்டுக்காரர்

வீட்டுக்காரர் கவர்மென்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், கீழ குடியிருக்கார். மாடியில நாங்க பேசறது அப்படியே அவர் ஜன்னலுக்கு இறங்கும். காலையிலேர்ந்து எத்தினி வாட்டி செத்தே, ஆத்துல விழுந்தியா இல்ல நாய் கடிச்சுதா, நேத்து செத்த மாதிரியே இன்னிக்கும் ஒரு வாட்டி செத்துக் காட்டேன்... எங்க ஆபீஸ் பேச்சு இவ்வளவுதான்.

ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு மேல வந்தார். நல்ல வீட்டுல இப்படியா பேசறதுன்னு காலி பண்ணச் சொல்லப் போறார்னு எங்களுக்கு திக்குனு ஆயிடுச்சு. மேடம் அவரை உக்கார வெச்சு, பாதாளத்துலேர்ந்து பூமி வரைக்கும் கதை பூரா சொன்னாங்க. பொறுமையா கேட்டுட்டு எழுந்தார்.

"நீங்க எத்தினி வாட்டி வேணா சாவுங்கம்மா. தண்ணி மோட்டரை நிறுத்திட்டு சாவுங்க, டேங்க் வழிஞ்சு ஊத்துது."

நெத்திக் காசு

கேம்ல சாவற ஒவ்வொரு வாட்டியும் பொண்ணு தன் வாயிலேர்ந்து ஒரு காசு எடுத்து ஓடக்காரனுக்குக் குடுப்பா. இது இந்தியாவுல இருக்கறவங்களுக்கு விளங்காதுன்னு பீட்டருக்கு ஒரு கவலை. வீடியோ கால்ல படமெல்லாம் போட்டு விளக்கினார். அந்தக் காலத்து கிரேக்கர்கள் செத்தவங்க வாயில ஒரு காசு வெப்பாங்களாம், ஓடக்காரனுக்குக் கூலியாம். பாவம், ரொம்ப மெனக்கெட்டிருந்தார்.

நாங்க அசையாம பாத்துக்கிட்டிருந்தோம். அதிர்ச்சியில வாயடைச்சுட்டோம்னு நினைச்சிருப்பார். எங்க ஊர்ல அதையே நெத்தியில வெப்போம்னு மேடம் சொன்னதும் மனுஷனுக்கு சப்புனு ஆயிடுச்சு. கால் முடிஞ்சப்புறம் செந்தில் வருத்தமா சொன்னான்.

"அங்க போயும் சரியான சில்லறை குடுன்னுதான் கேக்கறானா?"

மூணு தலை

பௌர்ணமி அன்னிக்கு எங்க ஊர்ல ரோடெல்லாம் கிரிவலம் போற ஜனம், பஸ் ஊருக்கு வெளியவே நின்னுடும். ஆபீஸ் கிடையாது, வீட்டுலதான் வேலை. மாமியார் பக்கத்துல உக்காந்து அவரைக்காய் ஆஞ்சிக்கிட்டே என் லேப்டாப்பைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. வாசலைக் காக்கற மூணு தலை நாய் வந்துச்சு. நான் வெட்டறேன், அது கடிக்குது, நான் சாவறேன். மறுபடி வர்றேன், மறுபடி கடிக்குது.

மருமக சாவறதைப் பாத்து அந்த அம்மா முகத்துல ஒரு வருத்தம் தெரியணுமே! அவங்க கண்ணு நாய் மேலயே இருந்துச்சு. கடைசியில காய்த் தட்டை நகர்த்தி வெச்சிட்டு கேட்டாங்க.

"அத்தப் போட்டு அடிச்சிக்கினே கீறியே, மூணு வாய்ல ஒரு வாய்க்காவது யாராச்சும் சோறு வெச்சாங்களா?"

பாறை

மூணு மாசம் ஓடுச்சு. எல்லாம் சரியா இருக்குன்னு எழுதி அனுப்பிட்டோம். ரெண்டாம் நாளே பீட்டர் கூப்பிட்டார். குரல்ல ஈரமே இல்ல. அவங்க முதலாளியே விளையாட உக்காந்திருக்கார். பாதி வழியில சண்டை இல்லாத ஒரு வட்ட ரூம் வரும். நடுவுல பெரிய பாறை, சுத்தி ஒரு பாதை, எதிர்ல கதவு. பாறைக்கு இந்தப் பக்கமாவும் போலாம், அந்தப் பக்கமாவும் போலாம். முதலாளி போன பக்கத்துல தரையே இல்ல. பொண்ணு இருட்டுல விழுந்துக்கிட்டே இருக்கா, சாகவும் இல்ல, கேமும் நகரல. மூணு மாசமா என்னத்தைப் பாத்தீங்கன்னு கேட்டார். மேடம் ஒரு மணி நேரம் டைம் கேட்டு போனை வெச்சாங்க. முகம் வெளுத்துப் போச்சு.

நாங்க விளையாடறது எல்லாம் வீடியோவா பதிவாகும். அந்த ரூம் வர்ற இடமா பாத்துப் போட்டுப் பாத்தோம். என் வீடியோவுல பொண்ணு பாறையை வலது கைப் பக்கம் வெச்சிக்கிட்டு, திரையோட இடது ஓரமா போறா. அடுத்தவங்க வீடியோ, அதுலயும் அப்படியே. ஆறு பேரும் அப்படியே, எல்லா வாட்டியும் அப்படியே. மறுபக்கம் ஒருத்தர்கூட கால் வைக்கல. நின்னு யோசிச்சு யாரும் செய்யல. மலையைச் சுத்தற ஊர்ல பொறந்து வளர்ந்த கை, நடுவுல பாறையைப் பாத்ததும் தானா வலம் வந்திருக்கு.

ஒவ்வொருத்தரா செந்தில் பக்கம் திரும்பினோம். கோவில் வாசல்ல செருப்பைக்கூட கழட்டாதவன், வீடியோ பூரா பயபக்தியா பாறையை வலம் வந்திருக்கான். அவன் காது செவந்து போச்சு.

"சாமிக்காக இல்லீங்க. அந்தப் பக்கம் போனா எதிர்ல ஜனம் வருமேன்னு கை தானா ஒதுங்கிடுச்சு."

எதிர்ப் பக்கம்

கடைசி நிமிஷத்துல கேம்ல எதையோ அவங்களே மாத்திட்டாங்கன்னு பழியைத் திருப்பி விடலாம்னு ஒருத்தர் யோசனை சொன்னார். மேடம் கேக்கல. உள்ளதை உள்ளபடி பீட்டர்கிட்ட சொன்னாங்க. மலை, பௌர்ணமி, ஊரே ஒரே திசையில நடக்கறது, எல்லாம். அவர் முதலாளிகிட்ட கேட்டுட்டு ரெண்டு வாரம் குடுத்தார். வட்டமா இருக்கற ஒவ்வொரு ரூமையும் எதிர்ப் பக்கமா போய்ப் பாக்கணும், அதுலயும் கோட்டை விட்டா முடிஞ்சுது.

சொல்றதுக்கு சுலபம். கை திரும்ப மாட்டேங்குது. ஏதோ கூடாத காரியம் பண்ற மாதிரி மனசு அடிச்சுக்குது. நானாவது பரவாயில்ல, எங்கள்ல ஒருத்தி ஒவ்வொரு வாட்டியும் கன்னத்துல போட்டுக்கிட்டுதான் கிளம்புவா. ஆனா போன பக்கமெல்லாம் ஓட்டை. ஒரு ரூம்ல கதவு திறக்கல, இன்னொண்ணுல சுவரே இல்ல. இத்தனையையும் விட்டிருக்கோமேன்னு நினைச்சா அவமானமா இருந்துச்சு. ஒண்ணு விடாம எழுதி அனுப்பினோம்.

கடைசி நாள் பீட்டர் கூப்பிட்டப்போ மேடம் போனை மேஜை மேல வெச்சிட்டு ஸ்பீக்கரைப் போட்டாங்க. பெங்களூர்ல ரூம் இருக்கான்னு பழைய சிநேகிதிகிட்ட அவங்க விசாரிச்சு வெச்சிருந்தது எனக்குத் தெரியும். அவர் சொல்லி முடிச்சதும் அவங்க முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு அழுதுட்டாங்க. அவர் இங்கிலீஷ்ல சொன்னது இதுதான்.

"அடுத்த கேமும் உங்களுக்குத்தான். அதுல வட்டமா ஒரு ரூம்கூட வெக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டார்."

மூணு மாசம் நரகத்துலயே குடியிருந்தும் கெட்ட பழக்கம் ஒண்ணும் எங்களுக்கு ஒட்டல, எங்க சோத்துல மண்ணைப் போடப் பாத்தது நல்ல பழக்கம்தான்.