அஞ்சலை அக்காவின் புல்லும் எங்கள் கோயில் கூரையும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று வருடம் தயங்கினேன். வாராவாரம் இந்த இடத்தில் ஊர்க்கதை எல்லாம் எழுதுகிறவன், இதை மட்டும் தள்ளிப்போட்டேன். போன வெள்ளிக்கிழமை பொறுமை போய்விட்டது.

தங்கா பத்து என்னும் ஊர்ப் பக்கம் எங்கள் அம்மன் கோயில். பூஜை முடிந்து பொங்கல் சாப்பிட உட்கார்ந்தோம். வழக்கம்போல ஆரம்பித்தது... நாடு எப்படி முன்னேறும்?

"வெளிநாட்டுக் கம்பெனி வரணும் லா. பேக்டரி, டேட்டா சென்டர்... அப்பதான் சம்பளம் ஏறும்" என்றார் லாரி வைத்திருக்கும் ராமு அண்ணன்.

"அரிசி, பாலு எல்லாம் கப்பல்ல வாங்கிட்டு என்னண்ணே முன்னேற்றம்? விவசாயத்தப் பாக்கணும்" என்றார் ஆபீஸ் வேலை பார்க்கும் சேகர்.

"அப்ப நீ போய் மாடு மேய்!"

"நீங்க மூணாவது தடவ பொங்கல் மேயறத நிறுத்துங்க, நான் போறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பெண்கள் வரிசையில் அஞ்சலை அக்கா உட்கார்ந்திருந்தார். பழைய எஸ்டேட் நிலத்தில் புல் அறுத்து ஏழு பசு வளர்த்தவர். வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பால் அவர் வீட்டிலிருந்துதான் வரும். காசு கொடுத்தால், "ஆத்தாகிட்டயா தம்பி வியாபாரம்?" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த நிலத்தில் தொழிற்பேட்டை வரப்போகிறது என்றார்கள். கோயில் கமிட்டி ஆதரவுக் கடிதம் கொடுத்தால் கோயிலுக்குப் புதுக்கூரை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். வாரக்கணக்கில் விவாதம் — தொழிலா, விவசாயமா? கடைசியில் செயலாளர் நான்தான் கடிதம் எழுதினேன். அதில் ஒரு வரி: 'இந்த நிலத்தை யாரும் பயன்படுத்தவில்லை.'

வாசித்துக் காட்டினேன். எல்லோரும் கை தூக்கினார்கள். விவசாயம் பேசிய சேகரும்தான். அந்த நேரம் அஞ்சலை அக்கா கோயில் பின்புறம் பால் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்க ஒருவருக்காவது தோன்றியதா?

வேலி வந்தது. அக்காவும் வந்தார். "ஓரமா புல் அறுக்க மட்டும் விடச் சொல்லுங்க தம்பி. கமிட்டி சொன்னா கேப்பாங்க."

"பார்க்கலாம் அக்கா" என்றேன். பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் பசுக்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. கடைசிப் பசுவும் அதற்கு முந்தின வாரம் போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பெட்டிப் பால். கத்தரிக்கோலால் வெட்டி ஊற்றினார்கள். பெட்டியில் வேறு நாட்டுப் பெயர்!

அந்தப் புதுக்கூரைக்குக் கீழேதான் மறுபடியும் நாட்டு முன்னேற்றம் பேசுகிறார்கள். தாங்கவில்லை. எழுந்து அக்காவிடம் போனேன்.

"யாரும் அந்த நிலத்தப் பயன்படுத்தலன்னு எழுதிக் கொடுத்தவன் நான்தான் அக்கா."

அவர் திட்டவில்லை. இலையை மடித்துவிட்டு நிமிர்ந்தார். "எழுதறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, தம்பி?"

கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. எவ்வளவு நேரம்? ஒரு வாய்ப் பொங்கல் நேரம். "சரி விடுங்க லா, இந்த டேட்டா சென்டர்ல பாருங்க..." என்று ராமு அண்ணன் மறுபடியும் தொடங்கிவிட்டார்!

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். எந்தத் திட்டம் சரி என்று சொல்லத் தெரியாது. பேக்டரியும் வேண்டும்தான், என் மகள் சம்பளமே அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஒரு நிலம் சும்மா கிடக்கிறது என்று எழுதும் முன், விடியற்காலையில் ஒருமுறை அங்கே நடந்து பாருங்கள். அம்மன் சாட்சியாக, நான் நடக்கவில்லை.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் — முக்கியமாக, கையெழுத்துப் போட்டவன் நான் என்பதை விட்டுவிடாதீர்கள்.